ஊசிக்கல்மேட்டின் கட்டைவிரல்

நம்புகிறவர்கள் நம்பட்டும், நம்பாதவர்கள் ஒரு கிளாஸ் கட்டஞ்சாயாவைக் குடித்துவிட்டு வேறு வேலை பார்க்கட்டும். ஊசிக்கல்மேடு எஸ்டேட்டில் ரேஷன் அரிசி பொங்கித் தின்ற ஒரு ஆளாவது இது நடக்கவே இல்லை என்று சொன்னால் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

கேரளத்து மலையில் தமிழ் பேசுகிற தேயிலைத் தோட்டம் அது. அங்கே ரேஷன் கடையின் லைசென்ஸ் தேவசகாயம் முதலாளியின் பேரில் இருந்தது, கடை குருவம்மாளின் கையில் இருந்தது. முதலாளி எப்போதாவது ஜீப்பில் வந்து இறங்கி, நாற்காலியில் உட்கார்ந்து, "என்ன குருவம்மா, எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்பார், "இருக்கு மொதலாளி" என்பாள், அதோடு அவர் வேலை முடிந்தது. மூட்டையை எண்ணி இறக்குவதும், தையலை அறுத்துப் பிரிப்பதும், தராசுக்குக் கீழே சிந்தியதைக் கூட்டி அள்ளுவதும், கூரை ஒழுகினால் தார்ப்பாயை அரிசிக்குப் போட்டுவிட்டுத் தான் நனைவதும் குருவம்மாள்தான். புருஷன் மரம் விழுந்து செத்ததும் தொழிலாளிகளுக்கு வரிசையாய்க் கட்டிவிட்டிருந்த லயத்தில் அவர்கள் வீட்டை எஸ்டேட் திருப்பி எடுத்துக்கொண்டதால், கடைக்குப் பின்னாலிருந்த சாக்கு அறைதான் அவளுக்கு வீடு, வாசல், எல்லாம்.

கொழுந்து கிள்ளுகிறவர்களின் கட்டைவிரலில் ரேகை நிற்காது. தேயிலைக் காம்பு அரித்து அரித்து, கறை ஏறி ஏறி, விரல் நுனி கூழாங்கல் மாதிரி வழுக்கையாகிவிடும். ரேகை மெஷின் கடைக்கு வந்த புதிதில் பாதி மலைக்கு அரிசி கிடைக்கவில்லை. கண்ணாடியில் விரலை வைத்தால் உள்ளே இருக்கிற பொம்பளைக் குரல் ஆளைத் தெரியவில்லை என்று சொல்லிவிடும். "காலம் பூரா கிள்ளிக் கிள்ளித் தேஞ்சதுக்கு ஆளே இல்லைங்காளே, இவ நல்லா இருப்பாளா?" என்று மெஷினைப் பார்த்துச் சாபம் விட்டாள் முப்பிடாதி. குருவம்மாளின் சிநேகிதி அவள், மேல் டிவிஷனில் கொழுந்து எடுக்கிறவள், வாய் கொஞ்சம் நீளம்.

அதற்குக் குருவம்மாள் தானாக ஒரு வழி கண்டாள். ஈரத்துணியால் கறையைத் துடைத்து, ஒரு பொட்டுத் தேங்காய் எண்ணெயைத் தடவி, குளிரில் விறைத்த விரலை வாயருகே கொண்டுபோய் ஊதி, அதன் மேல் தன் கட்டைவிரலை வைத்து, அந்த ஆளின் பேரைச் சொல்லிக்கொண்டே கண்ணாடியில் அழுத்துவாள். "முப்பிடாதி" என்பாள். மெஷினும் வேறு வழியில்லாமல் "முப்பிடாதி" என்னும். இப்படியே மழைக்காலமும் பனிக்காலமும் மாறி மாறி வந்துபோக, அந்த மலையில் குருவம்மாள் பிடித்து அழுத்தாத கட்டைவிரல் ஒன்றுகூட மிச்சமில்லை என்று ஆனது.

முதலாளி நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். கல்லறையில் வைத்துவிட்டு வந்த மறுநாளே அவர் மகன் எட்வின் கடைக்கு வந்து சாவியைக் கேட்டான். கெட்டவன் என்று சொல்ல முடியாது, அவசரக்காரன். லைசென்ஸைத் தன் பேருக்கு மாற்றி, கடையைக் கீழே டவுனில் ஒரு வியாபாரி நடத்திக்கொள்ளட்டும் என்று ஏற்பாடு பண்ணியிருந்தான்.

"பின் ரூமையும் ஒழிச்சுக் குடுத்துருங்க. புது ஆளு வந்து தங்கணும்" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"நான் எங்க போவேன் எட்வினு?"

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

அந்தச் சாக்குகளின் மேல் புரண்டு வளர்ந்த பிள்ளை அவன். தாயில்லாப் பிள்ளையென்று, முதலாளி டவுனுக்குப் போகிற நாளெல்லாம் குருவம்மாளிடம்தான் விட்டுவிட்டுப் போவார். குருவம்மாள் தகரப் பெட்டியையும் பாயையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு, முப்பிடாதியின் லயத்துக்கு ஏறிப் போனாள்.

அடுத்த நாள் விடிந்தபோது ரேகை வந்திருந்தது.

முதலில் பார்த்தவள் முப்பிடாதி. முகம் கழுவப் போனவள் செம்பைக் கீழே போட்டுவிட்டு, "ஏ குருவு, இங்கன வா. இது என் விரல்தானான்னு பாரு" என்றாள். வழுக்கையாய்க் கிடந்த கட்டைவிரலில் சுழியும் வளைவுமாகப் புதிதாக ரேகை ஓடியிருந்தது, அதன் குறுக்கே சாய்வாக ஒரு வெட்டுத் தழும்பு. குருவம்மாள் தன் விரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒன்று. அந்தத் தழும்பை அவளுக்குத் தெரியாதா? ஒரு நாள் மூட்டைத் தையலை அறுத்துக்கொண்டிருக்கும்போது, தவழ்ந்து வந்த எட்வின் கத்திக்கு நேராகக் கையை நீட்டினான். கத்தியை நிறுத்த நேரமில்லை, தன் விரலைக் குறுக்கே கொடுத்தாள். அந்த வெட்டு அது.

அதற்குள் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது, அதற்கடுத்த கதவு திறந்தது, ஒவ்வொரு லயமாக, மேல் டிவிஷனிலிருந்து கீழ் டிவிஷன் வரைக்கும், ஆஸ்பத்திரி லயத்திலிருந்து பேக்டரி லயம் வரைக்கும், ஆணும் பெண்ணும் கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பனிக்குள் வந்து நின்றார்கள். தாலி கட்டின விரலிலும், மூக்குப்பொடி எடுக்கிற விரலிலும், பள்ளிக்கூடம் போகிற விரலிலும், படுத்த படுக்கையாய்க் கிடக்கிற விரலிலும் அதே சுழி, அதே வளைவு, அதே சாய்ந்த தழும்பு இருந்தது.

"குருவம்மா ரேகையில்லா இது" என்றார் ஒருவர்.

"ஆமா" என்றார்கள் மற்றவர்கள். கொழுந்து எடுக்க நேரமாகிவிட்டதால் எல்லாரும் பிரட்டுக்குப் போனார்கள்.

பிரட்டு என்பது காலையில் ஆள் கணக்கெடுக்கிற இடம். அங்கேயும் ஒரு ரேகை மெஷின். வைத்த விரலையெல்லாம் அது குருவம்மாள் என்று சொன்னது. பீல்டு ஆபீசர் அதைத் தட்டிப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார், பேட்டரியைக் கழற்றி மாட்டினார், கடைசியில் பழையபடி வாயால் பேரைக் கூப்பிட ஆரம்பித்தார். கூப்பிடப் பேர் தெரிய வேண்டுமே. ஒவ்வொருத்தராக "உன் பேரென்ன, உன் பேரென்ன" என்று கேட்டுக்கொண்டு நின்றார். நாளும் தன் முன்னால் வந்து நிற்கிற ஜனங்களின் பேர் அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மலை அதைப் பழகிக்கொண்டது. எதைத்தான் பழகவில்லை, அட்டையைப் பழகவில்லையா, யானையைப் பழகவில்லையா? கருப்பட்டிப் பானையில் கைவைத்த பிள்ளையைக் கண்டுபிடிக்க முடியாமல் தாய்மார்கள் திணறினார்கள், ஏனென்றால் பானையின் கரியில் பதிந்திருந்தது எல்லாருடைய விரலும்தான். சர்ச்சில் உபதேசியார், ஒரே சரீரம் பல அவயவம் என்று ஞாயிற்றுக்கிழமை பேசினார். மாடசாமி கோயில் பூசாரி திருநீறு பூசும் முன்னால் தன் கட்டைவிரலைத் தானே கண்ணில் ஒற்றிக்கொண்டார். புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண்ணுக்கு மட்டும் ரேகை வரவில்லை. இன்னும் ரேஷன் கார்டில் அவள் பேர் ஏறவில்லை, குருவம்மாள் அவள் விரலைப் பிடித்ததில்லை. "என்னைய மட்டும் அசலாருன்னு ஒதுக்கிட்டீயளே" என்று அவள் ஒரே அழுகை. மாமியார்காரி கையோடு கூட்டிவந்து, "ஒரு தரம் பிடிச்சு விடு மதினி, இவ மூக்கு சிந்துறத சகிக்க முடியல" என்றாள். குருவம்மாள் பிடித்தாள். மறுநாள் அவளுக்கும் வந்துவிட்டது.

இதெல்லாம் சிரிப்பாக இருந்தது, அரிசி போடுகிற நாள் வரும்வரைக்கும்.

அன்றைக்கு எட்வின் கடையைத் திறந்து உட்கார்ந்தான். வலது கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தான், ஜீப் கதவில் நசுங்கிவிட்டதாம். லைசென்ஸ் மாறும்வரைக்கும் மெஷினைத் திறக்க ஆபீஸில் ஒரு நம்பர் கொடுத்திருந்தார்கள், அதைத் தட்டித் திறந்தான். முதல் ஆளாய் நின்ற முப்பிடாதி விரலை வைத்தாள். "குருவம்மா" என்றது மெஷின். ஒற்றை ஆள் கார்டுக்கு உண்டான அரிசியைப் போடச் சொன்னது. அடுத்த ஆள் வைத்தார். "குருவம்மா" என்றது, வாங்கியாகிவிட்டது என்றது. அடுத்த ஆள். குருவம்மா. வாங்கியாகிவிட்டது. வரிசை முழுக்க வந்து விரலை வைத்துவிட்டு, வெறும் பையோடு மலையேறிப் போனது.

முப்பிடாதி மட்டும் அரிசிப் பையைக் கொண்டுவந்து குருவம்மாளின் முன்னால் வைத்தாள். "உன் பேருக்குத்தான் போட்டான். நீயே வச்சுக்கோ."

"நான் என்னத்த வச்சுக்கிட? எல்லாத்தையும் சேத்துப் பொங்கு."

அந்த மாதம் மரச்சீனிக் கிழங்கில் ஓடியது. அடுத்த மாதம் பலாக்கொட்டையில் ஓடியது. கடைக்குள் மூட்டை மூட்டையாய் அரிசி வண்டு பிடித்துக் கிடக்க, அதன் வாசம் லயம் வரைக்கும் வர, பசித்த பிள்ளைகள் கையில் குருவம்மாளின் ரேகையை வைத்துக்கொண்டு சுவரைச் சுரண்டின. ஒரு நாள் கைப்பிள்ளைக்காரி ஒருத்தி நேரே வந்து நின்று, "உன் ரேகைய நீயே எடுத்துக்கோ தாயி. எங்களுக்குச் சோறு வேணும்" என்றாள். சொல்லிவிட்டு அவளே அழுதாள். தெரிந்து கொடுத்ததாக இருந்தால் தெரிந்து எடுத்துக்கொள்ளலாம், தெரியாமல் கொடுத்ததை எப்படித் திருப்பி வாங்குவது என்று குருவம்மாள் அன்றைக்கு முழுக்க அதையே நினைத்துக்கொண்டு கொழுந்து கிள்ளினாள். ஆமாம், கொழுந்துதான். அடுத்தவள் வீட்டில் சும்மா இருந்து சாப்பிடக் கூச்சப்பட்டு, தற்காலிக ஆளாய்க் கூடையை மாட்டிக்கொண்டு முப்பிடாதியின் தேயிலை நிரைக்குப் பக்கத்து நிரையில் இறங்கியிருந்தாள்.

யூனியன் செயலாளர் வேலாண்டிதான் வழி சொன்னார். "லைசென்சுக்காரர் செத்துட்டா வாரிசும் கேக்கலாம், கடைய நின்னு நடத்துன ஆளும் கேக்கலாம். நடத்துன ஆளுக்குத்தான் மொத உரிமை. சட்டத்திலயே இருக்கு. என்ன ஒண்ணு, நீதான் நடத்துனன்னு நிரூபிக்கணும்."

"நான்தானே நடத்துனேன். அதுல என்ன நிரூபிக்கிறது?"

"ஆபீசுல போயிக் கேட்டேன் குருவம்மா. கடையாள்னு மொதலாளி எழுதிக்குடுத்துருக்கது அவரு மச்சினன் பேர. உன் பேரு எங்கயும் இல்ல."

உன் பேரைப் பதிந்தாகிவிட்டது என்று முதலாளி ஒரு கிறிஸ்துமஸுக்குச் சேலை கொடுக்கும்போது வாயாரச் சொன்னாரே. செத்தவரைத் திட்டவும் குருவம்மாளுக்கு மனசு வரவில்லை. "சாட்சி சொல்ல மலையே இருக்கு, நீ ஏன் கலங்குற?" என்று வேலாண்டி மனுவை எழுதினார். அத்தனை பேரும் சாட்சி என்று சொல்லிக் கைநாட்டு வைத்தார்கள். கிடைத்தால் கடை, பின்னாலேயே ஒரு அறை. கிடைக்காவிட்டால் மழைக்காலம் முடிந்ததும் தற்காலிக ஆட்களை நிறுத்துவார்கள், மலையிறங்க வேண்டியதுதான், இறங்கி எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

விசாரணை லேபர் கிளப்பில் நடந்தது. சப்ளை ஆபீசர் அம்மா மெஷினோடு மேலே ஏறி வந்தார். மலையாளி, வழுக்குப் பாறையில் நடப்பதுபோல் தமிழைப் பார்த்துப் பார்த்துப் பேசுகிறவர். எஸ்டேட்டே அன்றைக்குக் கொழுந்தை விட்டுவிட்டு உள்ளேயும் வெளியேயும் சன்னலிலுமாக நின்றது. முன் பெஞ்சில் ஒரு ஓரத்தில் எட்வின், மறு ஓரத்தில் குருவம்மாள்.

ஆபீசர் அம்மா பேப்பர் கட்டை மேஜையில் வைத்தார். "இத்தனை சாட்சியும் நான் மெஷினில் பார்த்தாச்சு. எல்லாம் ஒரே ஆளு, மனுக் கொடுத்த ஆளு. தனக்குத் தானே சாட்சி சொன்னால் நான் எங்ஙனே எழுதும்?"

முப்பிடாதி எழுந்தாள். "நான் முப்பிடாதிம்மா. பக்கத்துல வந்து என் மூஞ்சியப் பாருங்க."

"முகம் எனக்குத் தெரியுது சேச்சி. மெஷினுக்குத் தெரியணும். ரூல் அதுதான்."

"அப்ப உங்க கண்ணு எதுக்கு இருக்கு?"

"முப்பிடாதி, சும்மா இரு" என்று குருவம்மாள் அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

ஆபீசர் அம்மா கோபப்படவில்லை. களைத்துப்போன முகத்தோடு மெஷினைக் குருவம்மாள் பக்கம் தள்ளினார். "நீங்க வைங்க. மனுதாரர் வந்திருக்குன்னு முதலில் எழுதணும்."

குருவம்மாள் கட்டைவிரலைச் சேலையில் துடைத்துக் கண்ணாடியில் வைத்தாள். மெஷின் சும்மா இருந்தது. எடுத்து மறுபடி வைத்தாள். ஆளைத் தெரியவில்லை என்றது. இன்னொரு தரம் வைத்தாள். ஆளைத் தெரியவில்லை. அவள் விரலைத் திருப்பிப் பார்த்தாள். கறையேறி, வழுக்கையாய், கூழாங்கல்லாய்க் கிடந்தது. கிள்ளின கொழுந்து ரேகையைக் கொண்டுபோயிருந்தது, தழும்புகூடத் தேய்ந்துபோயிருந்தது. ஊசிக்கல்மேட்டில் அத்தனை பேரும் குருவம்மாளாக இருக்க, குருவம்மாள் ஒருத்தி மட்டும் யாரும் இல்லை என்று ஆகிப்போனாள். இத்தனை நாள் அழாதவள் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். பொம்பளைகள் எல்லாரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"மனுதாரரே இல்லைன்னா மனுவும் இல்லை" என்று ஆபீசர் அம்மா தாழ்ந்த குரலில் சொன்னார், தனக்கே அது பிடிக்காததுபோல. "வாரிசுக்குத்தான் போகும். எட்வின், வாங்க. விரல் வைங்க."

எட்வின் எழுந்திருக்கவில்லை.

"வைங்க. லைசென்சுக்கு ரேகை வேணும்."

"காயம் மேடம்."

"எத்தனை மாசமா ஒரு காயம்? கட்டை அவிழ்த்துட்டு வைங்க."

அவன் எழுந்து வந்தான். மேஜைக்கு முன்னால் நின்று, துணியின் முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்து, சுற்றுச் சுற்றாக அவிழ்த்தான். கடைசிச் சுற்று விழுந்தபோது பக்கத்தில் நின்றவர்கள் பார்த்துவிட்டார்கள், நசுங்கலும் இல்லை, காயமும் இல்லை. மற்ற எல்லார் விரலிலும் இருப்பது அதில் இருந்தது. முதல் நாளே வந்துவிட்டிருந்தது, அவன்தான் மூடி வைத்திருந்தான். தனக்காக அவள் வாங்கின வெட்டு தன் விரலிலேயே வந்து உட்கார்ந்திருப்பதை யாரிடம் காட்டுவான்?

விரலை வைத்தான். "குருவம்மா" என்றது மெஷின்.

ஆபீசர் அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "மனுக் கொடுத்தது குருவம்மா. சாட்சி சொன்னது குருவம்மா. எதிர்த்து நிக்கிறதும் குருவம்மா. இந்த மலையில் என் மெஷினுக்கு வேற ஆளைத் தெரியாது. நான் வேற யாருக்குக் கொடுக்கும்? ஆனா குருவம்மா யாருன்னு எனக்கு ஒரு ஆளு சொல்லணும். அவங்க பக்கத்து ஆளு சொன்னா எடுக்காது. எதிர்த்து நிக்கிற ஆளு சொன்னா எடுக்கும்."

எட்வின் தன் விரலைப் பார்த்தான். அதையே பார்த்துக்கொண்டு நின்றவன் திரும்பிப் பெஞ்சில் அழுதுகொண்டிருந்தவளைப் பார்த்தான், சாவி வாங்கின நாளில் பார்க்காமல் விட்ட முகத்தை.

"எழுதிக்கோங்க மேடம். இவங்கதான் குருவம்மா. கடைய நடத்துனது இவங்கதான், எங்க அப்பா இல்ல. எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்லருந்து இவங்களத்தான் பாத்துருக்கேன்." பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டுப் பெஞ்சுக்கு வந்து, "அத்தே, அழாதீங்க" என்றான். அழுகை நிற்கவில்லை, கூடத்தான் ஆனது.

டவுன் வியாபாரிக்கு என்ன பதில் சொன்னானோ தெரியாது. லைசென்ஸ் மழை வெறித்த பிறகு வந்தது, குருவம்மாள் பேரில், சட்டப்படி.

கடை திறந்த காலையில் வண்டு பிடித்த அரிசியை அனுப்பிவிட்டுப் புது அரிசி வந்து இறங்கியிருந்தது. வரிசை தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ரோடு வரைக்கும் நின்றது, எட்வினும் தன் வீட்டுக் கார்டோடு அதில் நின்றான். குருவம்மாள் குளித்துத் தலைமுடிந்து, சாக்கு அறை வழியாக உள்ளே வந்து, மெஷினுக்கு முன்னால் நின்றாள். புது ரூல்படி இனிமேல் காலையில் லைசென்ஸ்காரர் விரலை வைத்தால்தான் மெஷின் திறக்கும். வைத்தாள். ஆளைத் தெரியவில்லை என்றது. துடைத்துவிட்டு வைத்தாள். தெரியவில்லை. பேர் வந்தது, கடை வந்தது, விரல் வரவில்லையே என்று வரிசையைப் பார்க்கவும் முடியாமல் மெஷினைப் பார்க்கவும் முடியாமல் நின்றாள். வரிசையில் பைகள் சரசரத்தன.

முப்பிடாதி வரிசையை விட்டு வந்தாள். மேஜைத் தடுப்பைத் தூக்கிக்கொண்டு, யாரையும் கேட்காமல் உள்ளே நுழைந்தாள்.

"கையக் குடு."

"முப்பிடாதி, அது எடுக்காது. நான் பாத்துட்டேன்."

"குடுங்கேன்."

ஈரத்துணியால் கறையைத் துடைத்தாள். எண்ணெய்க் கிண்ணத்தில் விரலைத் தொட்டு ஒரு பொட்டுத் தடவினாள். வாயருகே கொண்டுபோய், கன்னம் உப்ப ஊதினாள். பிறகு தழும்போடு இருந்த தன் கட்டைவிரலை, ஒன்றுமில்லாத அந்த விரலின் மேல் வைத்து, கண்ணாடியில் அழுத்தினாள்.

"குருவம்மா" என்றாள்.

"குருவம்மா" என்றது மெஷின், பச்சை விளக்கு எரிந்தது.

கையை எடுத்தபோது முப்பிடாதியின் விரலில் ரேகையும் இல்லை, தழும்பும் இல்லை, பழைய வழுக்கைதான். வரிசையில் ஒவ்வொருவராகத் தங்கள் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள், அங்கேயும் பழைய விரல்தான். எட்வினின் விரலில் மட்டும் தழும்பு போகவில்லை, இன்றைக்கும் இருக்கிறது. அரிசி வாங்குகிற நேரத்தில் அதைப் பற்றி என்ன பேச்சு?

முப்பிடாதி எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். வரிசைக்கு முன்னால் போய் நின்று, பையை விரித்து வைத்து, கட்டைவிரலை நீட்டினாள்.

"சரி, இப்ப என் பேரச் சொல்லு."